காலையில் பூஞ்சை, மதியம் காணோம்: ஒரு லெதர் சீட்டின் வழக்கு

"சீட்ல பூஞ்சை பிடிச்சிருக்கு தம்பி. காலையில பார்த்தா வெள்ளையா பூத்திருக்கு. மத்தியானம் பார்த்தா காணோம்."

போனில் முதலில் வந்த புகார் இதுதான். நேரம் பார்த்து வந்து போகிற பூஞ்சையை நான் கண்டதில்லை. ஆனாலும் வண்டியைப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்பது என் வழக்கம். "காலை ஏழு மணிக்கே வரேன் சார், வண்டி நிழல்லயே நிக்கட்டும், எதையும் துடைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

2024 ஜனவரி. மார்கழி முடிய நான்கைந்து நாள் இருந்தது. இடம் காட்பாடி. வண்டி 2017 மாடல் செடான், சந்தன நிற லெதர் சீட். வைத்திருப்பவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன வண்டி.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். பதனிட்டுக் காய்ந்து வரும் தோலுக்கு நிறம் அடித்து, அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு அடிக்கிற வேலை. நாங்கள் செய்தது ஷூவின் மேல்தோல். கார் சீட்டுக்குப் போகிற தோலில் பூச்சு அதைவிடக் கெட்டியாக இருக்கும், ஆனால் முறை கிட்டத்தட்ட அதே முறைதான். இப்போது வீடுகளுக்குப் போய் கார் சீட்டும் சோபாவும் சுத்தம் செய்து தருகிறேன்.

வண்டியின் ஜாதகம்

கணக்கு வாத்தியார் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். டயர் காற்று, ஆயில் மாற்றிய தேதி, பெட்ரோல், எல்லாம் அதில் இருந்தது. லெதர் சீட்டுக்குத் தனிப் பக்கம். 2020இன் கடைசியிலிருந்து மாதாமாதம் முதல் ஞாயிறு, பனியன் துணியில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். மூன்று வருடம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நடுவில் ஒரு தீபாவளிக்கு வாட்டர் வாஷ் கடையில் ஏதோ பளபளப்பு ஸ்ப்ரே அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தேதியோடு இருந்தது.

"ஏன் சார் தேங்காய் எண்ணெய்?" என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "தோல்தானே? எங்கப்பா செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுவார். பத்து வருஷம் உழைக்கும்."

இதில் தப்பே இல்லை. அந்தக் காலத்துச் செருப்புக்கு அது சரியான வைத்தியம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட தோல் அது. மேலே பூச்சு கிடையாது. எண்ணெய் போட்டால் குடிக்கும், நார்கள் ஒன்றோடொன்று வழுக்கும், வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்கும். கமலை இறைத்த காலத்துத் தோலுக்கும் மாட்டு வண்டி வாருக்கும் எண்ணெய் போட்டதும் இந்தக் கணக்கில்தான். வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் 1878இல் தொடங்கி ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்குத் தோல் கொடுத்துவந்த கானலி நிறுவனம், தோலுக்கான களிம்பை 'தோல் உணவு' என்ற பெயரிலேயே டப்பாவில் விற்றது. 2002இல் அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. ஆனால் தோலுக்குத் தீனி போட வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

டிசம்பரில் வெள்ளைப் பூப்பு தெரிய ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வினிகர் சொல்லியிருக்கிறார். நோட்டில் நான்கு தேதிகள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் 'வினிகர், மதியம் சரியானது' என்று எழுதியிருந்தார்.

"வினிகர் போடாத நாள்ல என்ன ஆச்சு சார்?"

யோசித்தார். "அன்னைக்கும் மத்தியானம் போயிடுச்சு" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

மூன்று வெள்ளை

தோலின் மேல் வெள்ளையாகப் பூத்தால் தோல் பட்டறையில் மூன்றில் ஒன்றாக இருக்கும் என்பார்கள்: உப்பு, பூஞ்சை, கொழுப்பு. மூன்றும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும். பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

உப்பு என்றால் ஈர விரலுக்குக் கரையும். கார் சீட்டில் அது வியர்வையிலிருந்து வரும், அல்லது சீட் நனைந்து காய்ந்தபோது உள்ளிருந்து மேலே ஏறி வந்திருக்கும். பூஞ்சை என்றால் வட்ட வட்டமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், பஞ்சு போல மேலெழும்பியிருக்கும், மூடிக்கிடந்த வீட்டின் வாடை அடிக்கும். சூடு காட்டினால் அசையாது. கொழுப்பு என்றால் மெல்லிய படலமாக இருக்கும். சூடு பட்டால் மறையும், குளிர்ந்தால் திரும்ப வரும்.

அன்று காலை 19 டிகிரி. ஓட்டுநர் சீட்டின் முதுகுப் பகுதி, தையல் ஓரங்கள், நடுவில் துளையிட்ட பகுதி, எல்லாவற்றையும்விட ஹெட்ரெஸ்ட், இங்கெல்லாம் திருநீறு தூவியதுபோல மங்கலான வெண்மை. பின் சீட்டில் தையலில் மட்டும் லேசாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பஞ்சு இல்லை. முகர்ந்து பார்த்தேன். பூஞ்சை வாடை இல்லை, எண்ணெய்ச் சட்டி வாடை. ஈர விரலால் தேய்த்தேன், கரையவில்லை, வழவழத்தது. பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து ஒரு சாண் தூரத்திலிருந்து காட்டினேன். பத்து எண்ணுவதற்குள் அந்த இடம் மட்டும் சந்தன நிறத்துக்குத் திரும்பியது.

இதற்குள் சாரின் வீட்டு அம்மா காபியோடு வந்தார்கள். கையில் இன்னொன்றும் இருந்தது. தேங்காய் எண்ணெய் பாட்டில். உள்ளே முழுக்க உறைந்து வெள்ளையாக இருந்தது. வழியில் அதைக் காம்பவுண்டு சுவரில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, காபியை என்னிடம் நீட்டினார்கள்.

சார் பாட்டிலைப் பார்த்தார். ஹெட்ரெஸ்ட்டைப் பார்த்தார்.

"இதேதானா?"

"இதேதான் சார்."

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் நடப்பதுதான் சீட்டின் தையலிலும் துளையிலும் நடந்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் வண்டிக்குள் சூடேறியதும் உருகி ஒளிந்துகொள்கிறது. அரை மணி கழித்து நான் சூடு காட்டிய இடத்தைத் திரும்பப் பார்த்தோம். வெண்மை மங்கலாக எட்டிப் பார்த்தது.

நாம் தொடுவது தோலையா?

எண்ணெய் மேலேயே நின்றதற்குக் காரணம், நாம் லெதர் சீட்டில் உட்காரும்போது நம் கைபடுவது தோலே இல்லை என்பதுதான்.

இன்றைய கார் சீட்டுத் தோல் பெரும்பாலும் மாட்டுத்தோல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம். அதன்மேல் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தலைமுடியின் கனம்தான் இருக்கும். தேய்மானத்தையும் வியர்வையையும் தாங்குவது இந்தப் படலம். மிக விலையுயர்ந்த சில கார்களில் பூச்சு மிகக் குறைவான அனிலின் வகைத் தோல் வரும், அது வேறு சாதி. நம் தெருவில் நிற்கிற வண்டிகளில் அதைத் தேட வேண்டாம். இன்னும் சொல்லப்போனால், லெதர் சீட் என்று வாங்குகிற பல வண்டிகளில் நாம் உட்காரும் முகப்பு மட்டும்தான் தோல். பக்கமும் முதுகுப்புறமும் அதே நிறத்தில் பிவிசி. நம் ஊரில் ரெக்சின் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோமே, அது. இந்த வண்டியிலும் அப்படித்தான். சார் மூன்று வருடமாக பிவிசிக்கும் சேர்த்தே எண்ணெய் ஊட்டியிருந்தார்.

சீட்டின் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினேன். முத்து மாதிரி உருண்டு நின்றது. ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தபோது அடியில் நிறம் மாறவில்லை. பூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரே இறங்காத இடத்தில் எண்ணெய் எங்கே இறங்கும்?

அப்படியென்றால் தோலுக்குக் கொழுப்பே வேண்டாமா என்று சார் கேட்டார். நல்ல கேள்வி. வேண்டும், ஆனால் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பதனிடும்போது பெரிய மர டிரம்மில் தோலைப் போட்டு, 50, 60 டிகிரி வெந்நீரில் கரையும்படி பக்குவப்படுத்திய எண்ணெயை ஊற்றி, ஒரு மணி நேரம் போல உருட்டுவார்கள். தோலின் ஒவ்வொரு நாருக்கும் கொழுப்பு போய்ச் சேர்வது அங்கேதான். பூச்சு அடிப்பது அதற்குப் பிறகு. டிரம் செய்த வேலையைப் பனியன் துணி செய்ய முடியாது.

மூன்று வருடத்து எண்ணெய் எங்கேதான் போயிற்று? போக வழி இருந்த இடங்களுக்குப் போயிற்று. ஊசித் துளைகள், காற்றுக்காக இட்ட பொடித் துளைகள், பூச்சு வெடித்த கீறல்கள், இவற்றின் வழியாகக் கீழே ஃபோம் வரைக்கும் இறங்கியிருந்தது. மீதி மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துக்கொண்டது. சந்தன நிறம் அழுக்குப் பழுப்பாக மாறியதற்கு அதுதான் காரணம். தலைக்கு வைக்கிற எண்ணெயும் வியர்வைக் கொழுப்பும் சேர்ந்து ஹெட்ரெஸ்ட்டில் பூச்சையே இளக வைத்திருந்தன. விரலை வைத்து எடுத்தால் பிசுக்கென்று ஒட்டியது. தோல் வறண்டுவிட்டது என்று பயந்துதான் சார் எண்ணெய் போட்டார். நான் பார்த்ததோ எண்ணெயில் ஊறிய சீட்.

வெயிலும் தன் பங்கைச் செய்திருந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் சீட் சராசரியாக 51 டிகிரிக்கும் டேஷ்போர்டு 69 டிகிரிக்கும் போயிருந்தது. வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திரம் அந்த அரிசோனாவுக்கு இளைத்ததல்ல. அந்தச் சூட்டில் எண்ணெய் தண்ணீராகி இன்னும் ஆழமாக இறங்கும்.

முன் கண்ணாடியின் உட்புறம் ஒரு மங்கல் படலம் இருப்பதாகவும், துடைத்தாலும் இரவில் எதிர் வண்டி வெளிச்சம் சிதறுவதாகவும் சார் நடுவில் சொன்னார். கார் தோலுக்கு இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டுத் தோலை 100 டிகிரியில் 16 மணி நேரம் வைத்து, அதிலிருந்து ஆவியாகி மேலே குளிர்ந்திருக்கும் அலுமினியத் தாளில் படிவதை எடை போட்டுப் பார்ப்பார்கள். டிரம்மில் போடும் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதே இதில் தேறுமா என்று பார்த்துத்தான். அங்கே மில்லிகிராம் கணக்குப் பார்த்துச் சேர்த்த தோலின் மேல் இங்கே ஸ்பூன் கணக்கில் ஊற்றுகிறோம். கண்ணாடி மங்கலுக்கு எண்ணெயைவிட அந்தப் பளபளப்பு ஸ்ப்ரேதான் காரணம் என்பது என் சந்தேகம். நிரூபிக்க வழியில்லை.

இரண்டு நாள் வேலை

முதலில் காய்ந்த அழுக்கு. மென்மயிர் பிரஷ் மாட்டிய வேக்யூமால் சீட் இடுக்குகளை எல்லாம் இழுத்தேன். கடலை மிட்டாய்த் துணுக்கு, சுங்கச்சாவடி ரசீது, மல்லிகைச் சருகு, திருநீறு, ஒரு ஐந்து ரூபாய் நாணயம். இதைச் சிலர் விட்டுவிட்டு நேரே ஈரத்துணிக்குப் போகிறார்கள். மணல் இருக்கும்போது துணி போட்டால் அது உப்புத்தாள். மேல்பூச்சு தலைமுடி கனம் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்து க்ளீனர். லெதருக்கென்று விற்கிற, தண்ணீரில் செய்த, கார அமிலம் இரண்டும் மிஞ்சாத ரகம். தோல் இயல்பாகவே கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. அமிலமா காரமா என்று சொல்லும் pH அளவில் (7 நடுநிலை) துணி சோப்பு 9, 10 என்று காரத்தில் நிற்கும். பூச்சு முழுதாக இருக்கும் இடத்தில் ஒரு தடவை சோப்பு பட்டால் குடி முழுகிவிடாது. கீறலிலும் தையலிலும் இறங்கினால்தான் தொல்லை. டப்பாக்காரர்கள் இதைப் பற்றிப் போடுகிற சத்தத்தில் பாதிதான் நியாயம்.

இங்கே நான் வழக்கத்துக்கு மாறாக ஒன்று செய்தேன். சீட்டை எப்போதும் நிழலில்தான் துடைக்க வேண்டும், வெயிலில் க்ளீனர் சட்டென்று காய்ந்து தடம் விழும். நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முதல் ஒரு மணி நேரம் நிழலில் துடைத்ததில் துணி கறுத்ததே தவிரப் பிசுக்கு போகவில்லை. உறைந்த நெய்ப் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் கழுவின மாதிரி. அப்புறம் வண்டியை வெயிலுக்கு நகர்த்தி, கதவுகளைச் சாத்தி, சீட் மேற்பரப்பு 38 டிகிரி வந்ததும் திரும்ப நிழலுக்குக் கொண்டுவந்தேன். தூரத்திலிருந்து சூடு அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்று கையில் வைத்திருக்கிறேன். சூடு அடங்குவதற்குள் ஒரு பகுதி, பிறகு மறுபடி வெயில், மறுபடி நிழல். ஒரு சீட்டுக்கு மூன்று சுற்று. க்ளீனரைப் பிரஷ்ஷில் நுரையாக்கி, கை அகலத்துக்கு மட்டும் மெதுவாகச் சுழற்றி, நுரை பழுப்பானதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். தேய்த்து அல்ல, ஒற்றி. இரண்டாம் சுற்றில் சந்தன நிறம் தெரிய ஆரம்பித்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "வாங்கும்போது இந்தக் கலர்தான் இருந்துச்சு" என்றார்கள்.

ஹெட்ரெஸ்ட்டுக்கு இது போதவில்லை. எண்ணெயை உறிஞ்சும் டீகிரீஸர் ஸ்ப்ரே என்று ஒன்று உண்டு. அடித்தால் ஈரமாக இறங்கி, கரைப்பான் ஆவியானதும் வெள்ளைப் பொடியாக மேலே நிற்கும். எண்ணெயையும் தன்னோடு இழுத்து வரும். பொடியைத் தட்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். நான்கு முறை அடித்தேன். நான்காவதிலும் பொடி லேசாக மஞ்சளாகத்தான் வந்தது. உள்ளே ஃபோமில் இறங்கியதை வெளியிலிருந்து முழுவதும் எடுக்க முடியாது என்று அப்போதே சாரிடம் சொல்லிவிட்டேன்.

இனி என் தப்பு. சீட்டின் நடுவில் துளையிட்ட பகுதிக்கும் அதே வேகத்தில் நுரையை நேரடியாகப் போட்டுவிட்டேன். துளை வழியாக நுரை இறங்கும் என்று தெரியாதவன் இல்லை. இரண்டாம் சுற்றின் உற்சாகம். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு பழுப்பு வளையம். ஃபோமில் கிடந்த எண்ணெய் அழுக்கு இரவில் ஈரத்தோடு மேலே ஏறி, துளையின் விளிம்பில் காய்ந்து நின்றுவிட்டது. சுத்தம் செய்த சீட்டில் அம்மைத் தழும்பு மாதிரி.

சரிசெய்ய அரை நாள் போயிற்று. வெதுவெதுப்பான காற்று, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியை மடித்து வைத்து அதன்மேல் இரண்டு கனமான அகராதிகள், ஒரு மணிக்கு ஒருமுறை துணி மாற்றல். அகராதிகள் சாருடையவை. வளையம் பெரும்பாலும் மறைந்தது. நான்கைந்து துளைகளில் இன்னும் தெரிகிறது. துளையிட்ட இடத்தில் க்ளீனரைத் துணியில் எடுத்து, துணியைப் பிழிந்து, பிறகுதான் சீட்டைத் தொட வேண்டும். சில வண்டிகளில் அந்தத் துளைகளுக்குக் கீழே விசிறியும் சூடேற்றும் கம்பியும் இருக்கும். பயணி சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சாரும் இருக்கும். அவற்றை நனைத்தால் செலவு சீட்டோடு நிற்காது.

அழுக்கு என்று நினைத்த கறுப்பு

ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்கத் திண்டு கறுத்திருந்தது. ஏறி இறங்கும்போது இடுப்பும் தொடையும் தேய்க்கிற இடம். எந்த வண்டியிலும் முதலில் போவது அதுதான். அங்கே இரண்டு விஷயங்கள் கலந்திருந்தன. ஒன்று, ஜீன்ஸ் நீலம். மகன் ஓட்டிய காலத்தது. பூச்சுக்குள்ளேயே இறங்கிவிட்ட சாயம் க்ளீனருக்கு ஓரளவுதான் வந்தது. இன்னொன்று, துடைக்கத் துடைக்கக் கூடிக்கொண்டே போன கறுப்பு. தண்ணீர்ச் சொட்டு வைத்தேன். உருண்டு நிற்காமல் பரவி, அடியில் இருண்டது. அங்கே பூச்சே இல்லை. வெறும் தோல் அழுக்கைக் குடித்துக் கறுத்திருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை எடுக்கிறார்கள். அழுக்கு அதிசயமாகப் போகும். அது மென்மையான உப்புத்தாள் என்பதால் பூச்சும் சேர்ந்தே போகும். இந்த வண்டியிலும் யாரோ ஒருமுறை போட்டிருக்க வேண்டும் என்று தேய்மானத்தின் வடிவம் சொன்னது. நோட்டில் அது இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு கை அகலத்துக்கு மறுநிறம் கொடுத்தேன். எனக்குப் பழகிய வேலை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். கீறலில் நிரப்பி, காயவைத்து, தண்ணீர்ச் சாயம் மெல்லிசாக ஐந்து கை, அதன்மேல் நிறமில்லாப் பூச்சு இரண்டு கை. வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், துளி சிவப்பு, ஊசி முனையளவு கறுப்பு கலந்தால் சந்தனம் வரும். அந்தக் கறுப்பில்தான் எல்லோரும் தவறுவார்கள். மாலை வெளிச்சத்தில் நிறம் கலக்கக் கூடாது என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். அன்றும் மூன்று மணிக்கு மேல் தொடவில்லை, மறுநாள் காலையில் வந்துதான் முடித்தேன். அந்தத் திண்டில் இரண்டு நாள் தேய்த்து உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சார் அந்த இரண்டு நாளும் வண்டியை எடுக்கவே இல்லை.

சீட் கவர் போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை அவருக்கு இருந்தது. முதுகுப் பகுதியின் வெளி ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னப் பட்டி தைத்திருந்ததைக் காட்டினேன். விபத்தில் அந்தத் தையல் பிரிந்துதான் காற்றுப்பை வெளியே வர வேண்டும். அதை இறுக்கி மூடுகிற கவர் வேண்டாம். அந்தத் தையலைச் சாதாரண நூலில் மறுபடி தைக்கவும் கூடாது.

கண்டிஷனர்

கடைசியில் கண்டிஷனர் போட்டேனா என்றால், போட்டேன். இத்தனை பேசிவிட்டு ஏன்? தோலுக்கு ஊட்டம் கொடுக்க அல்ல. நான் போட்டது எண்ணெய்ப் பசை இல்லாத, தண்ணீரில் செய்த கிரீம். பூச்சின் மேல் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கும். துணியும் சீட்டும் உரசுகிற இடத்தில் தேய்மானம் தள்ளிப்போகும், கிறீச்சென்ற சத்தம் வராது, அடுத்த அழுக்கு சுலபமாக வரும். ஒரு முன் சீட்டுக்குப் புளியங்கொட்டை அளவு போதும். துணியில் எடுத்துத் தடவி, பத்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் மிச்சத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும். முடிந்ததும் சீட் மினுக்கக் கூடாது. புதுச் சீட் மினுக்குவதில்லை. மினுக்கினால் மேலே ஏதோ நிற்கிறது என்று அர்த்தம்.

சாரின் நோட்டில் புதுப் பக்கம் திறந்தோம். வாரம் ஒருமுறை ஈரம் பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை க்ளீனர். கண்டிஷனர் வருடத்துக்கு இரண்டு முறை, அதுவும் க்ளீனர் போட்ட அன்றைக்கு மட்டும். வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்கு மறைப்பு. எண்ணெய் என்ற சொல்லை எழுதி, அதன்மேல் அவரே ஒரு கோடு போட்டார். பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "அது எனக்குத்தான்" என்று அம்மா எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மார்கழி

வேலை முடிந்ததும் வெள்ளை போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, சொல்ல முடியாது. தை பிறந்து வெயில் ஏறிவிட்டது. மீதி எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக் குளிர் வேண்டும். அதனால் இந்த வழக்கை அப்போதே எழுதவில்லை.

2024 டிசம்பர் கடைசியில் சாரே கூப்பிட்டார். நான்கு நாளாகக் காலை ஆறரை மணிக்குப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். இந்த முறை துடைக்காத நாட்களையும் சேர்த்து. முதுகுப் பகுதி, உட்காரும் பகுதி, பின் சீட், எதிலும் ஒன்றுமில்லை. நடுத் துளைகளில் ஒரு நாள் மட்டும் லேசாக. போய்ப் பார்த்தேன். மறுநிறம் கொடுத்த திண்டு நன்றாக இருந்தது. கண்ணாடி மங்கல் இரண்டு முறை துடைத்த பிறகு திரும்பவில்லை என்றார்.

ஹெட்ரெஸ்ட்டின் நடுத் தையலில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு, நூல் கனத்துக்கு. உள்ளே இறங்கியது இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறதா, புதிதாகத் தலையிலிருந்து போகிறதா என்று சார் கேட்டார். இரண்டும் இருக்கலாம் என்றேன். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள் என்று அவரிடம் யார் சொல்வது? டீகிரீஸரை ஒரு சுற்று அடித்து, பொடியைத் தட்டி முடித்தபோது, அம்மா உள்ளேயிருந்து ஒரு ஈரிழைத் துண்டைக் கொண்டுவந்து ஹெட்ரெஸ்ட்டின் மேல் மடித்துப் போட்டார்கள். வாரம் ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.